விசாரணை ஐயா குடிச்ச தண்ணி

கள்ளராலை எனக்கு வந்த கேட்டை விட ஒரு நேர்மையான மனுசனாலை வந்த கேடுதான் பெரிசு. இதைச் சொன்னால் குணலட்சுமிக்கு விசர் எண்டுதான் சனம் சொல்லும். சொல்லிப்போட்டுப் போகட்டும். கிணறு போனது எனக்கும் என்ரை மனுசனுக்கும்தான், சனத்துக்கு இல்லை.

எங்களுக்குச் சண்டிலிப்பாயிலை எட்டுப் பரப்புத் தோட்டக்காணி. வெங்காயம், பீற்றூட், ஒரு போகம் புகையிலை. என்ரை மனுசன் நடராசா அந்த எட்டுப் பரப்பை விட்டு வேறை ஒண்டையும் அறியாத ஆள். கதையும் குறைவு. நான் பத்துச் சொல்லுச் சொன்னால் அவர் ஒண்டு சொல்லுவார், அதுகும் "ஓம்" எண்டுதான் இருக்கும். எங்கடை வீட்டிலை வாய் முழுக்க என்ரைதான். அந்த வாயாலை வந்த வினையும் இதுக்குள்ளை இருக்கு.

தோட்டத்துக்குத் தண்ணி வாறது பக்கத்துக் காணியிலை இருக்கிற நாவலடிக் கிணத்திலை இருந்து. காணி மற்றவையின்ரை. ஆனால் கிணத்திலை மூண்டிலை ஒரு பங்கும், போற வாற வழியும், வாய்க்காலும் எங்களுக்கு எண்டு காணி உறுதிப் பத்திரத்திலை எழுதிக் கிடக்கு. அந்தப் பங்கை வாங்கினவர் என்ரை மாமா, இவற்றை தகப்பன், முத்துக்குமாரு. அவற்றை காலத்திலை எங்கடை ஆக்கள் பெரிய ஆக்களின்ரை கிணத்திலை வாளி விட ஏலாது. குடத்தோடை தள்ளி நிக்கோணும். ஆராவது மனம் வைச்சு அள்ளி ஊத்தினால் உண்டு, இல்லாட்டி இல்லை. எங்கடை கையாலை ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிக்கவும் மாட்டினம். மாமா அப்பிடி நிண்டு வளந்த மனுசன். காணிக்காரர் ஒரு இடைஞ்சலிலை விக்கேக்கை, ஊரிலை ஆக்கள் மறிக்க மறிக்க வாங்கினவர். உறுதி முடிஞ்ச அண்டு தன்ரை கையாலை வாளியை விட்டு அள்ளி, முதல் வாளியைத் தன்ரை தலையிலை ஊத்தினவராம். இவருக்கு அப்ப ஆறு வயசு. அண்டைக்கு அப்பு அழுதவர் எண்டு இவர் எனக்கு ஒருக்கால்தான் சொன்னவர், கலியாணம் முடிச்ச புதிசிலை.

மற்ற ரெண்டு பங்குக்காரரும் எப்பவோ கனடாவுக்கும் லண்டனுக்கும் போட்டினம். கிணறு நிக்கிற காணியை அவை ஒரு அரசாங்கத் திணைக்களத்துக்கு எழுதிக் குடுத்திட்டினம். எந்தத் திணைக்களம் எண்டு நான் சொல்லேல்லை, சொல்லி இனி என்ன வரப்போகுது. சாமான் வைக்க ஸ்ரோரும் வாகனம் விட முற்றமும் கட்டப்போறம் எண்டு கம்பி வேலி அடிச்சு, கேற்றும் போட்டினம். பிறகு ஒரு கடிதம் வந்தது. மேற்படி கிணறு உவர் நீரைக் கொண்டது, பாவனைக்கு உதவாதது, ஆகவே மூடப்படும், இதனால் தங்களுக்கு இழப்பு ஏதும் இல்லை எண்டு. அம்பது வருசத்துக்கு மேலை அந்தத் தண்ணியிலை வெங்காயம் கிண்டின ஆக்களுக்கு எழுதின கடிதம் அது. வாசிச்சுப்போட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை அடுப்புக்குள்ளை வைச்சிருப்பன், மகள் பறிச்சுக்கொண்டு போட்டாள்.

உப்புக் கதை எப்பிடி வந்தது எண்டதையும் சொல்லோணும். எங்கடை பக்கத்துக் கிணறுகளிலை நல்ல தண்ணி மேலை நிக்கும், அடியிலை உப்பு. விடிய அளவா இறைச்சுப்போட்டு ஊற விடோணும். ஆசைப்பட்டு அடிமட்டும் இறைச்சால் உப்பு ஏறிவிடும், பிறகு அது இறங்கக் கிழமைக்கணக்காய்ச் செல்லும். தோட்டம் செய்யிற ஆருக்கும் இது தெரியும். திணைக்களத்தார் அத்திவாரத்துக்குக் கொங்கிறீற் போட எண்டு பெரிய மிசினை வைச்சு மூண்டு நாள் விடாமல் இறைச்சினம். நாலாம் நாள் போத்திலிலை தண்ணி எடுத்துக்கொண்டு போய்ச் சோதிச்சினம். உப்பு எண்டு ரிப்போட் வந்தது. வேறை என்ன வரும்?

மகள் கோபிகா யாழ்ப்பாணம் ரவுணிலை வேலை செய்யிறவள். அவள்தான் விசாரிச்சுக்கொண்டு வந்து சொன்னவள், திணைக்களங்களோடை பிணக்கு எண்டால் இப்ப கோட்டுக்கு அலையத் தேவையில்லையாம், சுயாதீன விசாரணை அதிகாரி எண்டு ஒருத்தரைப் போடுவினமாம். அவர் அந்தத் திணைக்களத்துக்கும் ஆள் இல்லை, எங்களுக்கும் ஆள் இல்லை. ரெண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு எழுதுவார், அதைத் திணைக்களம் கேட்டுத்தான் ஆகோணும். அவளே மனுவும் எழுதிப் போட்டாள். ரெண்டு மாசத்திலை பதில் வந்தது. விசாரணை அதிகாரி திரு. கிருபைரட்ணம். அவர் முடிவு எழுதுமட்டும் கிணத்தை ஒருத்தரும் மூடப்படாது, நாங்கள் வழக்கம்போல இறைக்கலாம் எண்டும் அதிலை இருந்தது.

கிருபைரட்ணம் ஐயா ஆர் எண்டு விசாரிச்சம். மானிப்பாய்ப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சு, பெரிய உத்தியோகம் பாத்து இளைப்பாறினவர். கை சுத்தமான மனுசனாம். வீட்டு வாசலிலை மாம்பழக் கூடை கொண்டுவந்து வைச்சவனை அந்தக் கூடையைத் தூக்க வைச்சுத் திருப்பி அனுப்பினவராம். உங்களுக்கு நல்ல காலம் எண்டு கேட்ட எல்லாரும் சொல்லிச்சினம். நானும் சந்தோசப்பட்டன். பாருங்கோவன், சந்தோசப்பட்டனான்.

முதல் விசாரணை திணைக்களக் கந்தோரிலை நடந்தது. ஐயா தன்ரை பழைய மோட்டச் சைக்கிளிலை வந்து இறங்கினார். எழுபது தாண்டின மனுசன், ஹெல்மெற்றைக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு உள்ளுக்கு வந்தார். வாகனம் அனுப்பிறம் எண்டு திணைக்களத்தார் கேட்டவையாம், வேண்டாம் எண்டிட்டார். தன்ரை பேனை, தன்ரை கடுதாசி, தன்ரை தண்ணிப் போத்தில். எங்கடை உறுதியை எடுத்து ஒரு எழுத்து விடாமல் வாசிச்சார். அதிலை ஒரு கொப்பி வேணும் எண்டு கேட்டார், இவர் கொப்பி அடிக்கச் சந்திக் கடைக்குப் போனார். அந்த நேரம் பாத்துப் பியோன் தேத்தண்ணித் தட்டோடை வந்தார். ஐயா தன்ரை கோப்பையைத் தள்ளி வைச்சார். விசாரணை முடியுமட்டும் ரெண்டு பக்கத்தாரிட்டையும் ஒண்டும் வாங்கிக் குடிக்கிறேல்லை, அது என்ரை வழக்கம், குறை நினைக்கப்படாது எண்டார். நான் இருந்து கண்ணாலை கண்டன், காதாலை கேட்டன். இவர் காணேல்லை.

இவர் கொப்பியோடை திரும்பி வரேக்கை இடைவேளை. நான் கொண்டுபோன பிளாஸ்கிலை இருந்து இவருக்குக் கோப்பி ஊத்தினன். பக்கத்திலை ஒரு மனுசன் இருக்கேக்கை கேளாமல் குடிக்கிறது முறையில்லை, அதாலை ஐயாவையும் ஒரு சொல்லுக் கேட்டன். அவர் கையைக் கூப்பி, வேண்டாம் அம்மா எண்டார். இதை மட்டும் இவர் கண்டார்.

பஸ்ஸிலை வரேக்கை, ஏன் அந்த மனுசன் எங்கடை கோப்பியைத் தொடேல்லை எண்டு இவர் கேட்டார். திணைக்களத்தின்ரை தேத்தண்ணியையும் தொடேல்லை எண்டு ஒரு வசனம் நான் சொல்லியிருக்கோணும். என்ரை வாய்க்கு அது காணாதே. எங்கடை பிளாஸ்க் எண்டபடியாலோ என்னவோ, ஆர் கண்டது எண்டன். வேதக்காரரிலையும் சாதி பாக்கிற ஆக்கள் இருக்கினம்தானே எண்டும் சேத்துச் சொன்னன். பகிடிக்குத்தான் சொன்னது. இவர் சிரிக்கேல்லை. உண்மையைச் சொன்னால் என்ரை பகிடி கெட்டுப்போகும் எண்டு நானும் அப்பிடியே விட்டிட்டன். எனக்கு அந்தக் கதை பஸ்ஸோடை போச்சுது, அவருக்குப் போகேல்லை.

சித்திரை மாசத்திலை ஒரு நாள் கிணத்தைப் பாக்க வாறன் எண்டு ஐயா அறிவிச்சிருந்தார். விதிப்படி இடத்தை ஒருக்கால் நேரிலை பாக்கோணுமாம். எங்கடை வெங்காயம் அப்ப முப்பது நாள் பயிர். பெரிய மிசின் நிண்டு கன மாசம், மாரித் தண்ணியும் ஊறி, கிணறு பழையபடி நல்லாய் வந்திட்டுது. இவர் அண்டு விடிய எழும்பி அப்புவின்ரை பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்ச்சார். சாமி அறைக்கோ எண்டு கேட்டன். இல்லை, ஐயா ஒரு வாய் குடிச்சுப் பாத்தால் அந்த ரிப்போட்டின்ரை கதை முடிஞ்சுது எண்டார். எனக்கும் நல்ல யோசினையாத்தான் பட்டது. ருசி பாக்கிறது விருந்தில்லையே, சோதினைதானே, அதை வேண்டாம் எண்டு சொல்லமாட்டார் எண்டு நினைச்சன்.

ஐயா பத்து மணிக்குப் பிறகு வந்தார். திணைக்களத்தின்ரை பக்கத்திலை ஜெரோசன் எண்ட தொழினுட்ப உத்தியோகத்தர் கேற்றைத் திறந்து விட்டான். இளந்தாரிப் பிள்ளை, பண்பானவன், என்னை அன்ரி எண்டுதான் கூப்பிடுறவன். ஐயா கிணத்தைச் சுத்தி நடந்தார், எட்டிப் பாத்தார், வாய்க்கால் எங்கை போகுது எண்டு எங்கடை காணிமட்டும் நடந்து போய்ப் பாத்தார். வெய்யில் எண்டால் சொல்லேலாது. சேட் முதுகோடை ஒட்டிப்போச்சு. கொண்டுவந்த போத்திலும் முடிஞ்சுது.

அந்த நேரம் இவர் வாளியை விட்டு அள்ளி, செம்பு தளும்பத் தளும்ப வாத்து, ரெண்டு கையாலையும் ஏந்திக்கொண்டு ஐயாவுக்கு முன்னாலை போய் நிண்டார். ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ ஐயா, உப்போ நல்ல தண்ணியோ எண்டு உங்கடை நாக்குச் சொல்லட்டும் எண்டார். பழக்கமில்லாத ஒருத்தரோடை அவர் அவ்வளவு சொல்லுச் சேத்துக் கதைச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டன். ஐயா வேண்டாம் எண்டு கையைக் காட்டிக்கொண்டு ஒரு அடி பின்னாலை வைச்சார். அவற்றை கையிலை பைல் இருந்தது, தண்ணி சிந்தி நனைஞ்சுபோகும் எண்டுதான் தள்ளினவர். அது எனக்குத் தெரிஞ்சது. இவருக்குத் தெரிஞ்சது பின்னாலை போன அந்தக் கால் மட்டும்தான்.

"ஏன் ஐயா, எங்கடை கையாலை எண்டபடியாலோ?"

ஐயாவுக்கு முதலிலை விளங்கேல்லை. என்ன சொல்லுறீர் எண்டு கேட்டார்.

"என்ரை அப்பு இந்தக் கிணத்தடியிலை குடத்தோடை தள்ளி நிண்டவர். எனக்கு இப்ப அறுவது வயசு. நானும் செம்போடை நிக்கோணும், நீங்கள் தள்ளி நிப்பியள். அப்பிடியெண்டால் உங்கடை தீர்ப்பை நீங்களே வைச்சிருங்கோ."

ஒரு வருசத்திலை கதைக்கிற கதையை என்ரை மனுசன் ஒரு மூச்சிலை கதைச்சு முடிச்சார். அப்பிடியில்லையப்பா, அவர் திணைக்களத்தின்ரையையும் குடியேல்லை, நான் கண்டனான் எண்டு சொல்ல வெளிக்கிட்டன். வாய் வரேல்லை. தேவையில்லாத இடமெல்லாம் ஓடுற வாய், தேவைப்பட்ட அண்டைக்கு ஒட்டிப்போச்சு.

ஐயாவின்ரை முகம் கறுத்துப்போச்சு. பைலைக் கிணத்துக்கட்டிலை வைச்சார். இவற்றை கையிலை இருந்த செம்பை வாங்கினார். எங்கடை ஊரிலை மற்றவையின்ரை செம்பிலை ஆரும் வாய் வைக்கமாட்டினம், அண்ணாந்துதான் குடிப்பினம். ஐயா வாய் வைச்சுக் குடிச்சார். முழுச் செம்பும் குடிச்சார். குடிச்சு முடிச்சு வாயைத் துடைச்சுப்போட்டு, "நல்ல தண்ணி" எண்டார்.

இவர் அழுதிட்டார். ஐயாவைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டு அழுதார். நானும் கும்பிட்டன். வெண்டிட்டம் எண்டு நினைச்சன், என்ரை மூளையின்ரை திறம் அவ்வளவுதான்.

ஐயா கிணத்துக்கட்டிலை இருந்து பைலைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதி முடிச்சு எங்களுக்கு வாசிச்சுக் காட்டினார். மனுதாரர் ஐயாவிலை பக்கச்சார்பு எண்டு குறை சொன்னவர், அதுக்குப் பிறகு ஐயா மனுதாரரின்ரை கையாலை தண்ணி வாங்கிக் குடிச்சவர், ஆகவே இந்த விசாரணையை இனித் தான் நடத்துறது முறையில்லை, விலகிறார். அவ்வளவும் அதிலை இருந்தது. நேரம், திகதி எல்லாம் போட்டு. எனக்கு ஒரு கண்டறியாத பாஷையை வாசிச்ச மாதிரி இருந்தது. ஜெரோசன்தான் முதலிலை கதைச்சவன். சேர், தண்ணிதானே, நான் ஒண்டும் காணேல்லை, எங்கடை பக்கத்தாலை ஒரு ஆட்சேபனையும் வராது எண்டான். திணைக்களத்தின்ரை ஆள் சொல்லுறான், யோசிச்சுப் பாருங்கோ. ஐயா கேக்கேல்லை.

"நீர் காணாமல் விடலாம் தம்பி. நான் குடிச்சது குடிச்சதுதான்" எண்டார்.

அந்தக் கடுதாசியிலை ஜெரோசனும் கையெழுத்து வைச்சான், நாங்கள் ரெண்டுபேரும் வைச்சம். வைக்கச் சொன்ன இடத்திலை வைச்சம். ஐயா ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு போட்டார்.

பைல் திரும்பிப் போய் வேறை ஒரு விசாரணை அதிகாரி வந்தார். செல்வரட்ணம் எண்டு பேர். அவரும் சுயாதீனமானவர்தான், அந்தத் திணைக்களத்திலை முப்பது வருசம் வேலை செய்து போன வருசம்தான் இளைப்பாறினவராம், இளைப்பாறினால் சுயாதீனம்தானே. திணைக்களத்தின்ரை வாகனத்திலை வந்தார், திணைக்களத்தின்ரை தேத்தண்ணியைக் குடிச்சார், பிஸ்கற்றும் திண்டார். கிணத்தை ஒருக்கால் பாத்திட்டினம், இன்னொருக்கால் பாக்கத் தேவையில்லை எண்டார். கிருபைரட்ணம் ஐயா குடிச்சுப்போட்டு நல்ல தண்ணி எண்டு சொன்னவர் எண்டு நான் சொன்னன். அவர் பைலைப் புரட்டிப் பாத்துப்போட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சவர் எண்டு எழுதியிருக்கு, நல்ல தண்ணி எண்டு எழுதேல்லையே எண்டார். பங்கு உறுதியிலை இருக்கு எண்டன். உதவாத கிணத்திலை பங்கு இருந்தென்ன விட்டென்ன எண்டார். கால் மணித்தியாலத்திலை முடிஞ்சுது. முடிவு ஒரு கிழமையிலை வந்தது.

வைகாசியிலை ரிப்பர் லொறி வந்தது. உடைச்ச கட்டடக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டினம். இவர் வேலியைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டார். ஏழு லோட் கொட்டித்தான் கிணறு நிரம்பினது. வெங்காயம் பிஞ்சிலை வாடி, தாள் மஞ்சளாகிப் படுத்திட்டுது. பவுசரிலை தண்ணி வாங்கி ஊத்திப் பாத்தம், அதுகும் சரிவரேல்லை.

அதோடை இவர் ஆள் மாறிட்டார். கதையில்லாத மனுசன் நாள் முழுக்க ஒரே கதை கதைக்கத் தொடங்கினார். என்ரை வாயாலைதான் போச்சு, அப்பு வாங்கினதை நான் அழிச்சுப்போட்டன், அந்த மனுசன் நல்லவன், நான் தான் விசர்க்கதை கதைச்சனான் எண்டு. சோத்துக்கு முன்னாலை இருத்தினால் ரெண்டு வாயோடை கையை உதறிப்போட்டு எழும்பிவிடுவார். கோபிகா டொக்டரிட்டைக் கொண்டுபோனாள், மருந்து குடுத்தினம், நித்திரை வந்தது, சாப்பாடு வரேல்லை. காற்சட்டை இடுப்பிலை நிக்காமல் கயிறு கட்டினார். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த பஸ்தான் ஞாபகம் வரும். அண்டைக்கு மறைச்சதை அவரிட்டைச் சொல்லவும் பயம். சொன்னால் அந்தப் பழியிலை பாதி எனக்கு வந்திருக்கும். வரட்டும் எண்டு சொல்ல எனக்கு நெஞ்சுத் துணிவு இல்லாமல் போச்சு.

கடைசியிலை நான் தனிய கிருபைரட்ணம் ஐயாவின்ரை வீட்டுக்குப் போனன். மேன்முறையீடு எண்டு ஒண்டு இருக்கு, நல்ல தண்ணி எண்டு அவர் ஒரு கடிதம் தந்தால் கிணத்தைத் திருப்பித் தோண்டவாவது கேக்கலாம் எண்டு கோபிகா சொல்லியிருந்தாள். ஐயாவின்ரை மனுசி சுகிர்தம் கதவைத் திறந்து, கதிரையிலை இருத்தி, கேளாமலே தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. நான் குடிச்சன்.

ஐயா நான் சொன்னதெல்லாத்தையும் கேட்டார். விசாரணையிலை இருந்து விலகின ஆள் அதைப் பற்றிச் சாட்சி எழுதக் கூடாது, எழுதினாலும் எடுபடாது எண்டார். பிறகு எழும்பி அலுமாரியைத் திறந்து ரெண்டு தாள் எடுத்துக்கொண்டு வந்து என்ரை கையிலை தந்தார். வடிவான கையெழுத்து.

கிணத்திலை மனுதாரருக்கு உள்ள பங்கு உறுதியாலை தெளிவு. தண்ணி உவரோ நல்லதோ எண்டது இந்தப் பிணக்குக்குத் தேவையில்லாத கேள்வி. திணைக்களம் கிணத்தை மூடவோ வழியை மறிக்கவோ முடியாது. அப்பிடித்தான் அதிலை இருந்தது. திகதியைப் பாத்தன். அவர் கிணத்தைப் பாக்க வந்ததுக்கு மூண்டு நாள் முதல்.

"உங்கடை உறுதியை வாசிச்ச அண்டே எனக்கு விளங்கிட்டுது அம்மா. இடத்தைப் பாத்துப்போட்டுக் கையெழுத்து வைக்கிறதுதான் மிச்சம்."

அப்ப அந்தத் தண்ணியை அவர் குடிக்கத் தேவையுமில்லை, இவர் குடுக்கத் தேவையுமில்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிண்டிருந்தால் கிணறு எங்களுக்கு. நான் எழும்பி நிண்டு கத்தினன். குடிச்சதுதான் குடிச்சியள், ஏன் எழுதினியள், திணைக்களத்தான் கூடக் கண்ணை மூடிறன் எண்டானே, உங்கடை நேர்மையைக் காட்ட எங்கடை கிணறுதானோ உங்களுக்குக் கிடைச்சுது எண்டு கேட்டன். சுகிர்தம் அம்மா குசினி வாசலிலை வந்து நிண்டா. ஐயா தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார். என்ரை மூச்சு முடிஞ்ச பிறகுதான் கதைச்சார்.

"அந்தச் சொல்லைக் கேட்டுப்போட்டுக் குடியாமல் திரும்பி வர என்னாலை ஏலாமல் போச்சு அம்மா. குடிச்சதை மறைச்சு எழுதவும் ஏலாமல் போச்சு. உங்கடை மனுசனிட்டை ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் அப்பிடிப்பட்டவன் இல்லை எண்டு சொல்லுங்கோ."

தாளைத் திருப்பி வாங்கி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினார். அது கையெழுத்து வைக்காத தாள், ஒண்டுக்கும் உதவாது. நான் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன்.

பஸ் வர முந்தியே எனக்கு விளங்கிட்டுது, அந்த ரெண்டு தாளையும் பற்றி என்ரை மனுசனிட்டை வாய் திறக்கேலாது எண்டு. தான் ஒரு வாய் கதையாமல் விட்டிருந்தால் கிணறு மிஞ்சியிருக்கும் எண்டு தெரிஞ்சால் அந்த மனுசன் அந்த மாசம் தாண்டார்.

நான் வீட்டை வரேக்கை மத்தியானம். இவர் விறாந்தையிலை கதிரையிலை இருந்தவர், என்னைக் கண்டவுடனை எழும்பினார். ஐயா என்ன சொன்னவர் எண்டார். நான் செருப்பைக் கழட்டினன், கால் கழுவினன், பிறகு சொன்னன்.

"அவர் எங்களுக்கு எதிராத்தான் எழுதி வைச்சிருந்தவராம். இடத்தைப் பாக்க வர முந்தியே எழுதி முடிச்சவராம். நான் அந்தத் தாளைக் கண்ணாலை கண்டன்."

இவர் நம்பேல்லை. அப்ப ஏன் குடிச்சவர் எண்டு கேட்டார். நீங்கள் பிடிச்சிட்டியள் எண்ட வெக்கத்திலை, ஊருக்குக் காட்டத்தான் குடிச்சவர் எண்டன். வீட்டுக்குப் போன எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி கூடத் தரேல்லை எண்டும் சொன்னன். அதை ஏன் சொன்னன் எண்டு தெரியாது, வாய் வெளிக்கிட்டால் நிக்காது. இவர் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே நிண்டார். பிறகு மெல்ல மெல்ல அவற்றை தோள் இறங்கினது.

"அப்ப நான் அண்டைக்குப் பிழையாக் கதைக்கேல்லை, என்ன?"

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை" எண்டன்.

அண்டைக்கு ரெண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்ப ஆள் தேறிட்டார், இடுப்புக் கயிறையும் அவிட்டிட்டார். சந்தையிலை, கடையிலை, கோயில் வீதியிலை எல்லாம் நிண்டு கதைக்கிறார், அந்தக் கிருபைரட்ணம் சாதி பாத்துத்தான் எங்கடை கிணத்தை மூடுவிச்சவன் எண்டு. மெய்தானோ எண்டு ஆக்கள் என்னைத் திரும்பிப் பாக்கினம். நான் பக்கத்திலை நிண்டு, ஓம் எண்டு தலையாட்டுறன்.